வடசென்னையில ஓப்பன் ஸ்கூல்ல சேர்ற பசங்கள யாராவது எண்ணுறாங்களா?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பத்தாவது ரிசல்ட் வந்தா உங்க பேப்பர்ல மாவட்ட வாரியா தேர்ச்சி சதவீதம் போடுறீங்க, சென்னை எத்தனாவது எடம், மாநகராட்சி ஸ்கூல் போன வருஷத்த விட ஏறிச்சா எறங்கிச்சா எல்லாம் வருது, நாங்களும் டீக்கடையில நின்னு படிச்சு பேசிக்கிறோம். ஆனா அந்த சதவீதத்துக்குள்ளயே வராத பசங்க வடசென்னையில நெறைய இருக்காங்க. ஒம்போதாவதோட நின்னவங்க, பத்தாவது நடுவுல ஸ்கூலுக்கு போறத விட்டவங்க, அப்புறம் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஓப்பன் ஸ்கூல்ல, அதாவது தினமும் ஸ்கூலுக்கு போகாம தானா படிச்சு பரீட்ச எழுதுற ஏற்பாட்டுல, ஆன்லைன்ல அப்ளை பண்ணி எழுதுறவங்க. இவங்க எந்த ஏரியா, ஆம்பள புள்ளையா பொம்பள புள்ளையா, வேலைக்கு போய்க்கினே படிக்குதா, சேந்ததுல எத்தன பேரு கடைசியில பரீட்ச ஹாலுக்கு போனாங்கன்னு ஒரு கணக்கும் நம்ம ஏரியாவுல யாரு கண்ணுக்கும் வர்றதில்ல. அத பத்திதான் எழுதுறேன், நீளமா போனாலும் வெட்டாம போடுங்கன்னு கேட்டுக்கிறேன்.

நான் கொருக்குப்பேட்டையில பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, பாஸ்போர்ட் அப்ளிகேஷன், பரீட்ச அப்ளிகேஷன் எல்லாம் போட்டு குடுப்பேன். என்ஐஓஎஸ்னு சொல்ற அந்த தேசிய ஓப்பன் ஸ்கூல் அப்ளிகேஷனும் வரும், எட்டாவது தனித்தேர்வுக்கும் வருவாங்க, பத்தாவது துணைத்தேர்வுக்கு எங்க போய் பதியணும்னு கேட்டும் வருவாங்க. அதனால யாரு வர்றாங்கன்னு எனக்கு மொகம் தெரியும். காசிமேட்டுல விடிகாலையில ஐஸ் ஒடைச்சு கூடை எறக்குற பசங்க, எம்.சி. ரோட்டு துணிக்கடையில நாள் பூரா நின்னு மடிச்சு வைக்கிற பொண்ணுங்க, சீக்கிரம் கல்யாணம் ஆகி இடுப்புல கொழந்தையோட வந்து "அண்ணா, நா ஒம்போதாவது முடிச்சிருக்கேன், இப்ப பத்தாவது எழுத முடியுமாண்ணா"ன்னு கேக்குற பொண்ணுங்க. வளைகுடாவுக்கு வேலைக்கு போகணும், பத்தாவது பாஸ் ஆயிருந்தா பாஸ்போர்ட்டுல ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு போக அரசு அனுமதி வேணும்ங்கிற குறிப்பு, இல்லாம கெடைக்கும், அதுக்காகவே படிக்க வர்ற முப்பது வயசு ஆளுங்களும் உண்டு. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனியில காண்ட்ராக்ட் வேல செய்ற பீகார், ஒடிசா குடும்பத்து புள்ளைங்க இந்தியில எழுதலாமான்னு கேக்கும். வியாசர்பாடி பக்கம் வீட்டுல தெலுங்கு பேசுறவங்க, மண்ணடி ராயபுரம் பக்கம் உருது பேசுறவங்க. பாக்ஸிங், ஃபுட்பால்னு மாநில அளவுக்கு போற பசங்க, அட்டெண்டன்ஸ் பத்தாம ஸ்கூல விட்டவங்க. பெரும்பாக்கத்துக்கு வீடு மாத்தி அனுப்பினப்ப அங்கயும் சேராம இங்கயும் படிக்க முடியாம நின்னு போன புள்ளைங்க.

இவங்க எல்லாரையும் ஒரே வார்த்தையில இடைநின்றவர்கள்னு எழுதிட்டா ஒண்ணும் வெளங்காது. ஒவ்வொருத்தருக்கும் தேவ வேற.

ஏன் ஒம்போதாவதுலதான் ஒடையுதுன்னா, எட்டாவது வரைக்கும் நம்ம மாநிலத்துல ஃபெயில் கெடையாது, கட்டாயக் கல்விச் சட்டமும் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும்தான். 14 தாண்டின ஒடனே அந்தப் புள்ளைய ஸ்கூல்ல வச்சிக்கிற சட்டப் பிடிப்பு விட்டுப்போவுது, அதே நேரம் வீட்டுல சம்பாதிக்கிற வயசு வந்துடுச்சின்னு கணக்கு ஆரம்பிக்குது. அந்த எடத்துல ஓப்பன் ஸ்கூல் ஒரு நல்ல கதவுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. 1989-ல டெல்லியில தேசிய திறந்தநிலைப் பள்ளியா ஆரம்பிச்சது, இப்ப என்ஐஓஎஸ். பத்தாவது சேர 14 வயசு ஆயிருந்தா போதும், ஒரு தடவ சேந்தா 5 வருஷம் செல்லும், 9 தடவ வரைக்கும் எழுதிப் பாக்கலாம், பாஸ் பண்ண பாடம் அப்படியே நிக்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்ச. வேலைக்கு போற புள்ளைக்கு இத விட பொருத்தமான ஏற்பாடு கெடையாது.

ஆனா இந்தக் கதவுல யாரு நின்னு உள்ள விடுறான்னு பாருங்க. எங்க ஏரியா சுவத்துல, மின்சாரப் பெட்டியில, ஆட்டோ பின்னாடி எல்லாம் "8, 10, +2 ஃபெயிலா? ஒரே வருஷத்துல பாஸ்"னு ஒரு ஃபோன் நம்பரோட ஒட்டியிருக்கும். அந்த ஏஜென்ட்டுங்க அப்ளிகேஷன் போடுறப்ப புள்ளையோட நம்பர போடாம தன்னோட நம்பரையும் மெயிலையும் போட்டுக்குறாங்க. ஓடிபி அவங்களுக்குதான் வரும், ஹால் டிக்கெட்டும் அவங்க கையிலதான். புள்ளைக்கு தன்னோட என்ரோல்மென்ட் நம்பரே தெரியாது. ஒரு பையன் என் கடைக்கு வந்தான், மீன்பிடி தொறமுகத்துல வேல, கை எல்லாம் உப்புல வெந்து தோல் உரிஞ்சு கெடக்கு, பணம் கட்டி பல மாசம் ஆச்சு, பரீட்சைக்கு கொஞ்ச நாள்தான் இருக்கு, ஏஜென்ட் வாட்ஸ்அப்ல அனுப்பின ஐடி கார்டு ஃபோட்டோவ பிரிண்ட் போட சொன்னான். பிரிண்ட்ட கையில வாங்கி பாத்துட்டு, "அண்ணா, இன்னாணா பெயிண்ட்டிங்னு போட்டுக்குது, நா எப்போணா பெயிண்ட்டிங் எடுத்தேன்?"னு கேட்டான். கீழ மனையியல் வேற. கணக்கும் இல்ல, அறிவியலும் இல்ல. சுலபமா பாஸ் ஆவும்னு ஏஜென்ட் தானா தேர்ந்தெடுத்து போட்டுட்டாரு. அந்தப் பையனுக்கு ஐடிஐயில ஃபிட்டர் சேரணும்னு ஆசை, கணக்கும் அறிவியலும் இல்லாத சர்ட்டிபிகேட்ட வச்சிக்கினு அங்க போய் என்ன பண்ணுவான்? அசைன்மென்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு 20 சதவீத மார்க்கு, அதையும் அவன் கேள்விப்பட்டதே இல்ல. சேர்க்கை கணக்குல இந்தப் பையனும் ஒரு ஆளு. படிச்சானான்னு கேட்டா ஒரு நாள் கூட படிக்கல, யாரும் அவனுக்கு சொல்லியும் குடுக்கல. எனக்கு அன்னைக்கு பூரா மனசு ஆறல.

இந்த விஷயத்த நான் இவ்ளோ யோசிக்க இன்னொரு காரணமும் இருக்கு. எங்க அக்கா பொண்ணு குடும்பத்தோட அமெரிக்காவுல கலிபோர்னியாவுல இருக்கா, அவ பையன் படிக்கிறது ஒரு சின்ன ஆன்லைன் சார்ட்டர் ஹைஸ்கூல். சார்ட்டர் ஸ்கூல்னா அரசாங்கப் பணத்துல நடக்கும், ஃபீஸ் கெடையாது, ஆனா நடத்துறது தனி நிர்வாகம். 1991-ல மினசோட்டா மாநிலத்துலதான் மொதல்ல இதுக்கு சட்டம் போட்டாங்க. ஃபோன்ல பேசுறப்ப நான் கேட்டேன், அங்க யாரெல்லாம் மா படிக்கிறாங்கன்னு. அவ உடனே அந்த மாநில கல்வித்துறை வெப்சைட்ட தொறந்து எனக்கு காட்டினா. ஒவ்வொரு வகுப்புலயும் எத்தன பேரு, எந்த இனம், ஆங்கிலம் புதுசா கத்துக்குற புள்ளைங்க எத்தன, மாற்றுத்திறனாளி எத்தன, வசதி இல்லாத வீட்டுப் புள்ள எத்தன, வீடே இல்லாத புள்ள எத்தன, பெத்தவங்க கிட்ட இல்லாம வளர்ப்புக் குடும்பத்துல இருக்கிற புள்ள எத்தனன்னு வரிசையா இருக்கு. அவ்ளோ சின்ன ஸ்கூலுக்கு! யாரு வேணும்னாலும் பாக்கலாம், மனு போட வேணாம், எந்த ஆபீசுக்கும் நடக்க வேணாம்.

இதனால அங்க எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்ல வரல. ஒஹாயோ மாநிலத்துல ஈகாட்னு ஒரு பெரிய ஆன்லைன் சார்ட்டர் ஸ்கூல் இருந்துச்சு, 15,000 பேருக்கு மேல முழுநேரமா படிக்கிறாங்கன்னு சொல்லி அரசாங்கப் பணம் வாங்கினாங்க. மாநில அரசு உக்காந்து யாரு எவ்ளோ நேரம் பாடம் படிச்சாங்கன்னு ஆதாரம் கேட்டப்ப 6,300 பேரு அளவுக்குதான் காட்ட முடிஞ்சுது. 2018 ஜனவரியில, வருஷத்து நடுவுல, அந்த ஸ்கூல் மூடிட்டாங்க, ஆயிரக்கணக்கான புள்ளைங்க வேற ஸ்கூல் தேடி அலைஞ்சாங்க. கலிபோர்னியாவுலயே 2019-ல ஏ3-ன்னு ஒரு ஆன்லைன் சார்ட்டர் குழு மேல வழக்கு வந்துச்சு, வெளையாட்டுக் கிளப்புல பயிற்சிக்கு வந்த புள்ளைங்க பேர வாங்கி, அவங்களுக்கு பாடமே நடத்தாம தன்னோட மாணவர்னு கணக்கு காட்டி பணம் எடுத்தாங்கன்னு. பேரு பதியறது ஒண்ணு, புள்ள படிக்கிறது வேற ஒண்ணு, ஆன்லைன்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ பெரிய எடைவெளி வேணும்னாலும் விழும். ஆனா அங்க கணக்கு வெளிய இருந்துச்சு, பணம் மாணவர் எண்ணிக்கைய வச்சு போச்சு, அதனால ஒரு நாள் யாரோ ஒருத்தர் எண்ணிப் பாத்து கண்டுபிடிச்சாங்க. இங்க எங்க தொறமுகத்துப் பையன யாரு கண்டுபிடிப்பாங்க?

படிப்பு விஷயத்துலயும் அங்க கிடைச்ச பாடம் நமக்கு ஒதவும். 2015-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து கிரெடோ மையம் செஞ்ச ஆய்வுல, ஆன்லைன் சார்ட்டர் புள்ளைங்க சாதாரண ஸ்கூல்ல அதே மாதிரி புள்ளைங்கள விட வாசிப்புல 72 நாள், கணக்குல 180 நாள் பாடம் பின்தங்கிட்டாங்கன்னு வந்துச்சு. அங்க ஸ்கூல் வருஷமே 180 நாள்தான், அப்போ கணக்குல ஒரு வருஷமே போச்சுன்னு அர்த்தம். அதே ஆய்வோட சேந்து வந்த இன்னொரு பகுதியில, சாதாரண ஸ்கூல் புள்ளைக்கு ஒரு நாள்ல கெடைக்கிற டீச்சரோட நேரடி நேரம், ஆன்லைன் புள்ளைக்கு ஒரு வாரத்துல கூட கெடைக்கலன்னு சொன்னாங்க. கொரோனா நேரத்துல நாமளும் பாத்தோம், கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சி, 2021-ல வந்த இல்லம் தேடிக் கல்வியும் நல்ல முயற்சி, ஆனா வீட்டுக்கு ஒரு ஃபோன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துனு போயிடுவாரு, ராத்திரி வந்தா சார்ஜ் இருக்காது. பக்கத்துல உக்காந்து "எங்க மா நின்னுச்சு, காட்டு"ன்னு கேக்குற டீச்சர் இல்லாம கணக்கு வராது.

இப்ப நம்ம ஊரு கணக்குக்கு வர்றேன். என்ஐஓஎஸ் நாடு முழுக்க எத்தன பேரு சேந்தாங்கன்னு கணக்கு வச்சிருக்கு. ஆனா சென்னையில ரெண்டு விதமான புள்ளைங்க ஒரே போர்டுல எழுதுறாங்க, இத யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல. அடையாறு, கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் ஒரு புள்ள என்ஐஓஎஸ் எழுதுதுன்னா, பெத்தவங்க யோசிச்சு எடுத்த முடிவா இருக்கும், செஸ்ஸுக்கோ டென்னிஸுக்கோ நேரம் வேணும், இல்ல டிஸ்லெக்சியா இருக்கு, அந்தப் புள்ள வேகத்துக்கு படிக்கட்டும்னு, வீட்டுல ரெண்டு டியூஷன் டீச்சர் இருப்பாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல, அவங்களுக்கும் அது நல்லது. கொருக்குப்பேட்டையில, புளியந்தோப்புல ஒரு புள்ள எழுதுதுன்னா அதுக்கு வேற வழி இல்லன்னு அர்த்தம். ரெண்டு பேரையும் கூட்டி ஒரு சராசரி போட்டா, நம்ம புள்ளைங்க ஃபெயில் ஆனது அந்தப் புள்ளைங்க பாஸ் ஆனதுல கரைஞ்சு போயிடும்.

இன்னொண்ணு, இத பெத்தவங்க யாருக்கும் யாரும் சொல்றதே இல்ல. அரசுப் பள்ளியில இருந்து பேர எடுத்து ஓப்பன் ஸ்கூல்ல போட்டா அந்தப் புள்ள என்னென்ன இழக்குதுன்னு பாருங்க. பத்தாவது வரைக்கும் மதிய சாப்பாடு போச்சு. ஸ்கூல் பஸ் பாஸ் போச்சு. பதினொண்ணாவதுல சைக்கிள் போச்சு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 2020-ல மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், சட்டம், விவசாயத்துக்கும் வந்துச்சு, அது போச்சு. நம்ம பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலதான் 2022 செப்டம்பர் 5-ந் தேதி புதுமைப் பெண் திட்டத்த ஆரம்பிச்சாங்க, காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபா, அதுக்கும் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியமோ படிச்சிருக்கணும். எந்தப் பொண்ணுக்காக அந்தத் திட்டம் வந்துச்சோ, குடும்பக் கஷ்டத்துல ஒம்போதாவதுல நின்னு அப்புறம் தானா கஷ்டப்பட்டு படிச்சு மேல வர்ற பொண்ணு, அவளுக்கே அது இல்லாம போவுது. அதிகாரிங்க இத கவனிக்கணும்னு கைகூப்பி கேக்குறேன். எத்தன பொண்ணுங்க இப்படின்னு ஒரு எண்ணிக்க இருந்தா சட்டசபையில கேக்கவும் ஒருத்தர் எழுந்திருப்பாரு, எண்ணிக்க இல்லாததுனாலதான் இது பிரச்சனையாவே தெரியல.

அதனால நான் கேக்குறது பெரிய திட்டம் ஒண்ணும் இல்ல. மாநகராட்சியும் பள்ளிக்கல்வித் துறையும் சேந்து வடசென்னைக்குன்னு ஒரு சின்ன திறந்தநிலை உயர்நிலைப் பள்ளி, ஏஜென்ட் இல்லாம, நடத்தணும். டெல்லியில 2022 ஆகஸ்ட்டுல ஒரு அரசு மெய்நிகர் பள்ளி ஒம்போதாவதுல இருந்து ஆரம்பிச்சாங்க, வேற மாநிலப் புள்ளைங்களும் சேரலாம்னாங்க. அங்க முழுக்க ஆன்லைன். நம்ம புள்ளைங்களுக்கு அது மட்டும் பத்தாது, பாடம் ஆன்லைன்ல இருக்கட்டும், கூடவே சாயங்காலம் மாநகராட்சி ஸ்கூல்ல ஒரு ரூம தொறந்து ஒரு கணக்கு டீச்சர், ஒரு அறிவியல் டீச்சர் உக்காரணும். கொளத்தூர் அகரத்துல 2024 நவம்பர்ல முதல்வர் படைப்பகம்னு தொறந்தாங்களே, எவ்ளோ அழகா இருக்கு, போட்டித் தேர்வு படிக்கிற பசங்க அமைதியா உக்காந்து படிக்கிறாங்க, அந்த மாதிரி எடத்துல பத்தாவது எழுதுற ஐஸ் கம்பெனி பையனுக்கும் ஒரு நாற்காலி வேணும்.

நேரம் பத்தி ஒரு யோசன. வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கரையிலதான் நிக்கும், அந்த வேலைய நம்பின பசங்களுக்கு அப்ப வேல கம்மி. அதே நேரத்துல ஸ்கூலுக்கு கோடை லீவு, கட்டடம் சும்மாதான் இருக்கு, மின்விசிறி இருக்கு, பெஞ்ச் இருக்கு, தண்ணி இருக்கு. அந்த 61 நாள்ல தினமும் கணக்கும் அறிவியலும் ஒழுங்கா சொல்லிக் குடுத்தா அக்டோபர் பரீட்சைக்கு தைரியமா போவாங்க. இப்ப இருக்கிற வழக்கத்துல ஏப்ரல்லயே பரீட்ச எழுதிடுன்னு ஏஜென்ட் ஃபீஸ் கட்டிடுறாரு, தை, மாசி பூரா கடல் வேல இருக்கு, எப்ப படிப்பான்? எம்.சி. ரோட்டு பொண்ணுங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு சித்திரை, ஆடித் தள்ளுபடி, தீபாவளின்னு சீசன் வேற, அவங்களுக்கு ஞாயித்துக்கெழம காலையிலதான் தோது. யாரு சேர்றாங்கன்னு தெரிஞ்சாதானே டைம்டேபிளே போட முடியும், அதுக்குதான் இவ்ளோ நேரமா கணக்கு கணக்குன்னு சொல்றேன்.

கணக்க எப்படி வைக்கணும்னா, சேந்தவங்க எத்தன பேரு, அதுல இப்பவும் வர்றவங்க எத்தன, பரீட்ச எழுதினவங்க எத்தன, பாஸ் ஆனவங்க எத்தன, இந்த நாலும் மாசா மாசம் பள்ளி வாசல்ல பலகையில எழுதணும். ஒரே ஒரு நாள் எண்ணிட்டு விட்டா பிரயோஜனம் இல்ல, கலிபோர்னியாவுல அக்டோபர் மொத புதன்கெழமதான் எண்ணுற நாள், ஆனா ஆன்லைன் ஸ்கூல்ல அதுக்கு அப்புறம் வர்றவங்களும் நடுவுல போறவங்களும் நெறைய. அதுல ஆம்பள, பொம்பள, வேலைக்கு போறவங்க, வீட்டு மொழி, மாற்றுத்திறனாளி, எந்த வார்டுன்னு பிரிச்சு போடணும். சாதி விவரமும் அரசுக்கு தேவதான், உதவித்தொகைக்கு வேணும், ஆனா சின்ன ஸ்கூல்ல அத அப்படியே வெளிய போட்டா யாரு அந்த ஒரு புள்ளன்னு தெரு பூரா தெரிஞ்சிடும். கலிபோர்னியாவுல 10 பேரு இல்ல அதுக்கு கம்மியா இருக்கிற பிரிவோட எண்ண வெளிய காட்ட மாட்டாங்க, நாமளும் அதே மாதிரி செய்யலாம். சேர்க்கையில புள்ளையோட சொந்த ஃபோன் நம்பர், இல்லன்னா அம்மா நம்பர், இது ரெண்ட தவிர வேற நம்பர ஏத்துக்கவே கூடாது. என்ன பாடம் எடுக்குதுன்னு புள்ளைய எதிர்ல உக்கார வச்சு கேட்டு, பின்னாடி ஐடிஐ போக என்ன வேணும், ப்ளஸ் ஒன் போக என்ன வேணும்னு சொல்லி, கையெழுத்து வாங்கணும்.

அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னாடி ராயபுரம் மண்டலத்துல ஒரு ஸ்கூல், தண்டையார்பேட்டை மண்டலத்துல ஒரு ஸ்கூல், இந்த ரெண்டுல மட்டும் ஆரம்பிச்சாலும் போதும். அப்ளிகேஷன் போட என் கடை கம்ப்யூட்டர நான் காசு வாங்காம தர்றேன். எங்க வார்டு கவுன்சிலர் கிட்டயும் மனுவா எழுதி குடுத்திருக்கேன், உங்க பேப்பர் மூலமா மேயர் பார்வைக்கும் பள்ளிக்கல்வித் துறை பார்வைக்கும் போகணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் உங்கள் வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.